இராபர்ட் ஆடம்: முகமும் கைவண்ணமும்

புலவர் ஒருவர் மறைந்தால் படத்திறப்பு நிகழ்த்துவது நம் மரபு. மாலை சாத்துகிறோம், நினைவுரை ஆற்றுகிறோம், பின்பு அப்படம் வீட்டுக் கூடத்திலோ நூலகச் சுவரிலோ இடம்பிடித்துக்கொள்கிறது. அவர் எழுதி வைத்த ஏடுகள் எங்கே போயின என்று கேட்பவர் சிலரே. பத்தாண்டுகளை நிறைவு செய்யும் நம் வட்டம் இக்கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள இது தக்க வேளை. அதற்கு விடை காண, கவிஞர் ஒருவரை விடுத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர் 18-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் மன்னர்களின் இலண்டனைத் தம் பாணியால் ஆட்டிவைத்த ஸ்காத்லாந்துக்காரர் இராபர்ட் ஆடம்.

தொலைதூரத்து மனிதர் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். அவருடைய முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர் என்று கருதப்படும் ஓவியர், அடுத்துச் சென்னைக்குக் கப்பலேறி வந்து, நம் செஞ்சிச் சீமையையும் ஆண்ட ஆர்க்காட்டு நவாபின் முகத்தைத் தீட்டினார். அந்தத் தூரிகை வழியாகத் தேம்சு ஆற்றங்கரையும் தென்னார்க்காட்டு மண்ணும் ஒரு வரலாற்றுக்குள் வந்துவிடுகின்றன. ஆடமின் கதையில் நம் மண்ணின் கதையும் சிறிது கலந்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

இளமையும் பயிற்சியும்

இராபர்ட் ஆடம் 1728-ஆம் ஆண்டு சூலை 3-ஆம் நாள் ஸ்காத்லாந்தின் கிர்க்கால்டி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஆடம் அந்நாட்டின் முதன்மையான கட்டடக் கலைஞர். இராணுவக் கட்டுமானப் பணிகளையும் ஏற்று நடத்தியவர். கல்லும் சுண்ணாம்பும் கணக்கேடும் நிறைந்த வீட்டில் பிள்ளை வளர்ந்தது. எடின்பரோவில் பள்ளிக் கல்வி முடித்து, 1743-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1745-இல் மூண்ட உள்நாட்டுக் கலகம் படிப்பைக் குலைத்தது. அடுத்த ஆண்டே தந்தையின் தொழிலில் இறங்கினார்.

1748-இல் தந்தை மறைந்தார். மூத்த தமையன் ஜானுடன் இராபர்ட் பங்காளியாகத் தொழிலை நடத்தினார். கலகத்துக்குப் பின் அரசு எழுப்பிய ஜார்ஜ் கோட்டையின் ஒப்பந்த வேலை குடும்பத்துக்கு நல்ல வருவாய் தந்தது. அந்த வருவாயைக் கொண்டு இராபர்ட் நிலம் வாங்கவில்லை. கண்ணைத் தீட்டிக்கொள்ளப் பயணம் புறப்பட்டார். 1754-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இத்தாலி நோக்கிச் சென்ற அப்பயணமே அவருடைய உண்மையான குருகுலவாசம்.

உரோமாபுரியும் கடற்கரை அரண்மனையும்

பிளாரன்சு நகரில் சார்லசு லூயி கிளெரிசோ என்ற பிரெஞ்சு ஓவியரைச் சந்தித்தார். பழம்பெரும் சிதைவுகளைப் பார்ப்பது வேறு, அவற்றின் உறுப்பை அளந்து வரைவது வேறு என்பதைக் கற்பித்தவர் கிளெரிசோ. உரோமாபுரியில் செப்புத்தகட்டு ஓவியர் பிரானேசி நண்பரானார். அவர் 1762-இல் வெளியிட்ட தம் பெருநூல் ஒன்றை ஆடமுக்கே உரிமையாக்கினார் என்றால் அந்நட்பின் ஆழம் விளங்கும்.

இத்தாலியில் ஆடம் தம்மைக் கட்டுமானத் தொழிலாளியின் மகனாகக் காட்டிக்கொள்ளவில்லை. கற்றுத் திரியும் கனவானாகவே உலவினார். உடையிலும் வண்டியிலும் பணத்தைத் தாராளமாக இறைத்தார். தாய்க்கும் உடன்பிறந்தாருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. கலை வேட்கை, பேராசை, தாய்ப்பாசம், தற்பெருமை ஆகிய நான்கும் அவற்றில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றன. பின்னாளில் எந்த ஓவியரும் பிடிக்காத முகம் அக்கடிதங்களில் இருக்கிறது.

1757-இல் ஊர் திரும்பும் வழியில், ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ஸ்பாலட்டோவுக்குச் சென்றார். இன்று குரோவேஷியாவில் ஸ்ப்ளிட் என்று வழங்கும் அந்நகரம் உரோமப் பேரரசர் டயோக்ளீசியனின் அரண்மனைக்குள்ளேயே குடியேறிய நகரம். கிளெரிசோவும் வரைவாளர் இருவரும் உடனிருக்க, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அரண்மனை முழுவதும் அளக்கப்பட்டது. கோட்டையை உளவு பார்க்கிறார்களோ என்று அங்கிருந்த வெனிசு அதிகாரிகள் ஐயுற்றுத் தடை செய்ததும் உண்டு. 1764-இல் இவ்வாய்வு பெரிய நூலாக வெளிவந்து மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு உரிமையாக்கப்பட்டது. அட்டையில் ஆடமின் பெயர் ஒளிர்ந்தது. உழைப்பின் பெரும்பகுதிக்கு உரியவரான கிளெரிசோவுக்கு நூலில் உரிய இடம் கிடைக்கவில்லை. புகழ் தேடிய கலைஞரின் வாழ்வில் இது ஒரு கரும்புள்ளி, மறைக்க வேண்டியதில்லை.

இலண்டனை வென்ற பாணி

1758-இன் தொடக்கத்தில் ஆடம் இலண்டனில் குடியேறினார். தமக்கை தங்கையர் வீட்டை நடத்தினர். தம்பி ஜேம்சு பின்னர்த் தொழிலில் இணைந்தார். 1761-இல் வில்லியம் சேம்பர்சு என்பவருடன் மன்னரின் கட்டடக் கலைஞராக அமர்த்தப்பட்டார். கெடில்சுடன், சையோன், ஆஸ்டர்லி, கென்வுட் என்று பெருஞ்செல்வரின் மாளிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை அழைத்தன. புதிதாகக் கட்டியவற்றைவிடப் பழைய சுவர்களுக்குள் புகுந்து புதுமை செய்தவையே மிகுதி.

அவருக்கு முந்தைய தலைமுறையினர் கனத்த தூண், கனத்த உத்தரம், கனத்த அலங்காரம் என்று கட்டினர். ஆடம் அக்கனத்தைக் கரைத்தார். உரோமர்கள் கோயிலுக்கு ஒரு நடையும் வீட்டுக்கு ஒரு நடையும் கையாண்டனர் என்பதை ஸ்பாலட்டோவில் கண்டுகொண்டவர் அவர். மெல்லிய கொடியும் மலர்ச்சரமும் விசிறி வடிவும் வெண்சுதையில் எழுந்தன. வெளிர்பச்சையும் இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் கூரையில் படர்ந்தன. கூரையில் உள்ள கோலமே தரைக் கம்பளத்திலும் தோன்றும். கணப்புமாடம், நாற்காலி, கதவுக் கைப்பிடி வரை அவர் வரைந்த வரைவின்படியே அமையும்.

கட்டடத்துக்கு அசைவு வேண்டும் என்பது அவர் கொள்கை. முன்தள்ளுவதும் பின்வாங்குவதும், உயர்வதும் தாழ்வதும் இயற்கைக் காட்சியில் குன்றும் பள்ளமும் போல அமைய வேண்டும் என்று தம்பியுடன் 1773 முதல் வெளியிட்ட நூல் தொகுதிகளில் விளக்கினார். கவிஞர்களுக்கு இது புதிதன்று. ஒரே சீர் ஓயாது வந்தால் ஓசை சலிக்கும் என்பதையும், தளை மாறும் இடத்தில் செவி விழித்துக்கொள்ளும் என்பதையும் நாம் அறிவோம். ஆடம் அதனைக் கல்லில் செய்தார்.

அதற்குத் துணைநின்ற கைகள் பல. சுதை வேலையில் வல்ல ஜோசப் ரோசு, கூரை ஓவியங்களைத் தீட்டிய அந்தோனியோ சூக்கி ஆகியோர் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. சுண்ணம் குழைத்தவர்களும் சாரம் கட்டியவர்களும் பெயரின்றிப் போயினர்.

சகோதரர் குடியிருப்பு

புகழ் உச்சியில் இருந்தபோது, 1768-இல், ஆடம் உடன்பிறந்தார் பெருந்துணிவு ஒன்றை மேற்கொண்டனர். தேம்சு ஆற்றங்கரைச் சேற்றுநிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வளைவுக் கூடங்களின் மேல் உயர்ந்த மேடை அமைத்து, அதன்மேல் வரிசை மாளிகைகளைக் கட்டத் தொடங்கினர். கிரேக்க மொழியில் சகோதரர் என்று பொருள்படும் அடெல்ஃபி என்பதே அதன் பெயர். தெருக்களுக்கும் தங்கள் பெயர்களையே சூட்டினர். அதே ஆண்டு இராபர்ட் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

திட்டம் முழுவதும் கடனில் எழுந்தது. கீழ்க்கூடங்களை அரசு வெடிமருந்துக் கிடங்காக வாடகைக்குக் கொள்ளும் என்று எதிர்பார்த்தனர். ஆற்றுநீர் புகுந்ததால் அந்நம்பிக்கை பொய்த்தது. 1772-ஆம் ஆண்டு சூன் மாதம் இலண்டன் வங்கியாளர் அலெக்சாந்தர் ஃபோர்டைசு, கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்குகளில் சூதாடித் தோற்று, நாட்டைவிட்டு ஓடினார். அவருடைய வங்கி விழுந்தது. அதன் அதிர்ச்சியில் ஸ்காத்லாந்து வங்கிகள் சரிந்தன. கடன் வழிகள் அடைபட்டன. அடெல்ஃபியில் வேலை செய்துவந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர் திடீரெனக் கூலியிழந்து தெருவில் நின்றனர்.

ஆடம் குடும்பம் நாடாளுமன்றத்தின் இசைவு பெற்று, 1774-இல் ஒரு பரிசுச்சீட்டுத் திட்டத்தை நடத்தியது. சீட்டு ஒன்றின் விலை 50 பவுண்டு. கட்டிய வீடுகளே பரிசுகள். அதனால் குடும்பம் முழு அழிவிலிருந்து தப்பியது. எனினும் பழைய ஏற்றம் திரும்பவில்லை. அதே 1772-இன் தொடக்கத்தில் ஜேம்சு வையட் என்ற இளைஞர் கட்டிய பாந்தியன் என்னும் கேளிக்கை மாளிகை திறக்கப்பட்டு, இலண்டன் சீமாட்டியரின் பேச்செல்லாம் அவரைப் பற்றியதாயிற்று. முன்பு ஆடமின் மாளிகைகளை வியந்த ஹொரேசு வால்போல் பின்னாளில் அவருடைய அலங்காரத்தைத் தின்பண்டத்தோடும் பூத்தையல் துணுக்கோடும் ஒப்பிட்டு எள்ளினார். பாணியால் உயர்ந்தவரைப் பாணியே தாழ்த்தியது.

ஓவியமும் ஓவியரும்

இந்த ஏற்றமும் வீழ்ச்சியும் நிகழ்ந்த ஆண்டுகளில்தான் அவருடைய உருவப்படம் தீட்டப்பட்டது. இலண்டனில் உள்ள தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கும் அவ்வோவியத்தின் காலம் ஏறத்தாழ 1770-க்கும் 1774-க்கும் இடைப்பட்டது. அமர்ந்திருப்பவர் நாற்பதைக் கடந்தவர், பொய்ம்முடி தரித்தவர், உடையிலும் இருப்பிலும் செல்வரை ஒத்தவர். வேலைத்தளத்துச் சுண்ணாம்புத் தூசி அவர்மேல் படவில்லை. அடெல்ஃபியின் கடன்சுமையும் அம்முகத்தில் எழுதப்படவில்லை. தம் புரவலருள் ஒருவராகத் தாமும் தோன்ற வேண்டும் என்ற உரோமாபுரி நாள்களின் விருப்பம் இங்கே நிறைவேறியிருக்கிறது.

ஓவியத்தைத் தீட்டியவர் ஜார்ஜ் வில்லிசன் என்பது ஆய்வாளர் கருத்து. எடின்பரோவில் 1741-இல் பிறந்தவர். தாய்மாமன் முறையினரான ஜார்ஜ் டெம்ப்சுடர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் ஆதரவில் உரோமாபுரி சென்று பயின்றவர். ஜான்சனின் வரலாறு எழுதிப் புகழ்பெற்ற ஜேம்சு பாசுவெல், இளைஞராக உரோமாபுரியில் இருந்தபோது 1765-இல் அவரை ஆந்தையோடு வரைந்தவரும் இவரே. இலண்டனில் எதிர்பார்த்த அளவு வாய்ப்புப் பெருகாத ஓவியர்கள் கீழ்த்திசையில் பொருள்தேடிய காலம் அது. டில்லி கெட்டில் என்பவர் 1769-இல் சென்னையில் இறங்கி ஆர்க்காட்டு நவாபைத் தீட்டி வழிகாட்டியிருந்தார். வில்லிசன் 1774-இல் சென்னை வந்தார். சில ஆண்டுகள் இங்கே தங்கி நவாப் முகம்மது அலி வாலாஜாவின் உருவப்படங்களைத் தீட்டினார். பின்பு தாயகம் திரும்பி 1797-இல் எடின்பரோவில் மறைந்தார்.

முகம்மது அலி அரியணை ஏறிய வழி நம் ஊர்களினூடே சென்ற வழி. தந்தை அன்வருத்தீன் 1749-இல் ஆம்பூர்ப் போரில் மாண்டார். 1750-இல் திருவதிகைப் பக்கம் முகம்மது அலியின் படை பிரெஞ்சுக்காரரிடம் சிதறியது. அதே ஆண்டு செப்டம்பரில் செஞ்சிக் கோட்டை ஓர் இரவில் புசியின் கைக்கு மாறியது. 1752-இல் விக்கிரவாண்டியில் ஆங்கிலப் படை தோற்றது. 1760 சனவரியில், திண்டிவனத்துக்கு வடமேற்கே வந்தவாசியில், ஆங்கிலேயர் வென்றனர். 1761-இல் செஞ்சியும் அவர்கள் வசமானது. 1763-இல் பாரிசு நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கை முகம்மது அலியைக் கருநாடக நவாபாக ஏற்றது. இத்தனை போர்களும் நம் வயல்களின் மேல் நடந்தவை. அவற்றின் செலவு கம்பெனியின் கணக்கில் நவாபின் கடனாக ஏறியது.

நவாபும் கட்டடப் பித்துக் கொண்டவர். 1768-இல், அடெல்ஃபி தொடங்கிய அதே ஆண்டில், சேப்பாக்கம் மாளிகை எழுந்தது. அதனைக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்பது வழிவழியாக வரும் செய்தி. கம்பெனியின் கட்டுமானப் பணிக்கு 1764-இல் வந்த இவர், சில ஆண்டுகளில் நவாபுக்கு வட்டிக்குக் கொடுப்பவர்களில் தலையாயவர் ஆனார். கடனுக்கு ஈடாக வட்டாரங்களின் நிலவரி எழுதித் தரப்பட்டது. பட்டுடையும் மணிமாலையுமாக நவாப் ஓவியருக்கு முன் நிற்க, அந்தக் கோலத்துக்குரிய விலையை உழவர் களத்துமேட்டில் அளந்தனர். 1785-இல் எட்மண்டு பர்க் நவாபின் கடன்களைப் பற்றி இலண்டன் நாடாளுமன்றத்தில் முழங்கியபோது பென்ஃபீல்டையே சாடினார். 1795-இல் நவாப் மறைந்தார். 1801-இல் கருநாடகம் முழுவதும் கம்பெனியிடம் சென்றது. தென்னார்க்காடு அதன் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று.

ஆடம் நம் நாட்டைக் கண்டவர் அல்லர். நவாப் ஆடமை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் இருவர் முகங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. இருவரும் கடன்மேல் கட்டினார்கள். இருவர் படத்திலும் கடன் தெரியவில்லை. ஒருவர் கடன் கூலிக்காரர் தலையிலும், மற்றவர் கடன் குடியானவர் தலையிலும் விடிந்தது. உருவப்படம் பொய் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவற்றுள் பாதியை விட்டுவிடுகிறது.

இறுதியும் எச்சமும்

பிற்காலத்தில் ஆடம் தாய்நாட்டின் பக்கம் திரும்பினார். எடின்பரோவின் ஆவணக் காப்பகக் கட்டடம் 1774-இல் தொடங்கியது. கடற்பாறைமேல் நிற்கும் கல்சேன் கோட்டையில் 1777 முதல் பணியாற்றினார். தாம் படிப்பை முடிக்காத எடின்பரோப் பல்கலைக்கழகத்துக்கே 1789-இல் புதுக்கட்டடம் தொடங்கினார். வாழ்வின் கடைசி ஓராண்டில் மட்டும் எட்டுப் பொதுக் கட்டடங்களுக்கும் இருபத்தைந்து தனியார் கட்டடங்களுக்கும் வரைவுகள் செய்தார் என்று மறைவுக் குறிப்புக் கூறியது. திருமணம் செய்துகொள்ளவில்லை. சேம்பர்சின் செல்வாக்கு மேலோங்கியிருந்த அரசக் கலைக்கழகம் இறுதிவரை அவரை உறுப்பினராக்கவில்லை.

1792 மார்ச்சு 3-ஆம் நாள் இலண்டனில் தம் வீட்டில் மறைந்தார். வெசுட்மின்சுடர் மடாலயத்தில் அடக்கம் நிகழ்ந்தது. பிரபுக்கள் உடன்சென்றனர். அவ்வாண்டிலேயே அவர் நாட்டவரான ஜேம்சு டாசி, கண்ணாடிக்குழம்பில் வார்க்கும் தம் தனிக்கலையால் ஆடமின் பக்கவாட்டு முகத்தைச் சிறு பதக்கமாக ஆக்கினார். உள்ளங்கையில் அடங்கும் வெண்முகம் அது. மாளிகைகளின் கூரையில் ஆடம் விரும்பிப் பதித்த பழங்கால உருவங்களைப் போலவே அவரும் இறுதியில் வெண்சுதை உருவமானார் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய தலையாய உருவப்படம் இவ்விரண்டும் அல்ல. அலுவலகத்தில் குவிந்திருந்த வரைபடங்களே அது. அவருக்குப்பின் குடும்பம் கடனில் தவித்தது. மதிப்பிழந்த பாணியின் தாள்களைக் கொள்வாரில்லாமல் அவை நெடுங்காலம் உறவினரிடமே கிடந்தன. 1833-இல் சர் ஜான் சோன் என்ற மற்றொரு கட்டடக் கலைஞர் ஏறத்தாழ 9,000 வரைபடங்களையும் மொத்தமாக 200 பவுண்டுக்கு வாங்கினார். ஒரு தாளுக்கு அரைக்கால் பவுண்டுகூட விழவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் சோனின் இல்லம் காட்சியகமாக்கப்பட்டது. வரைபடங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1936-இல் அடெல்ஃபியின் நடுவரிசை மாளிகைகள் இடிக்கப்பட்டன. தேம்சுக் கரையில் அவர் கண்ட கனவு தூசியானது. அதனைக் கண்ட கையின் நடுக்கமும் உறுதியும், அடித்தலும் திருத்தலும் தாளில் வாழ்கின்றன.

நம் மண் சொல்லும் செய்தி

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்கு விசித்திரசித்தன் என்னும் பெயருடையோன் இதனை ஆக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டுத் தெரிவிக்கிறது. ஆக்குவித்தவன் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. உளி பிடித்தவன் பெயர் இல்லை. பனமலையில் இராசசிம்மன் கட்டிய கோயிலில் மங்காது எஞ்சிய தேவியின் ஓவியம் நம்மை இன்றும் நிறுத்திவைக்கிறது. தீட்டியவரை நாம் அறியோம். செஞ்சியில் அடுக்கடுக்காக எழும் கல்யாண மகாலை நிமிர்ந்து பார்க்கிறோம். அதன் வளைவுகளுக்குக் கணக்குப் போட்டவர் முகம் எந்தச் சுவரிலும் இல்லை.

ஆடமுக்கு முகமும் கிடைத்தது, கைவண்ணமும் காக்கப்பட்டது. நம் சிற்பிகளுக்குக் கைவண்ணம் மட்டும் எஞ்சியது. இவ்விரண்டுள் ஒன்றே கிடைக்குமென்றால் எதனைத் தேர்வது என்பதில் கவிஞர்க்கு ஐயம் இருக்க முடியாது. பனமலைத் தேவியின் முன் நிற்பவர் ஓவியனின் புகைப்படத்தைத் தேடுவதில்லை. இருந்தும் நாம் நடந்துகொள்வது என்னவோ தலைகீழாகத்தான் இருக்கிறது. மறைந்த கவிஞரின் படத்துக்குச் சட்டம் போடுகிறோம். அவர் கவிதை எழுதிய நோட்டுப் புத்தகம் பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறுகிறது. அதை அவ்வாறு போடுபவர்கள் கொடியவர்கள் அல்லர். அதன் மதிப்பை அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஆடமின் தாள்களுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்தாவது ஒரு சோன் வாய்த்தார். தொழில் தெரிந்தவர் ஆகையால் தாளின் அருமை தெரிந்தது.

கவிதையின் அருமை தெரிந்தவர்கள் கவிஞர்கள். ஆகவே அவ்வேலை நம்முடையது. பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் பாடப்பெற்றவை, அரங்கேறியவை, அடித்துத் திருத்தப்பெற்றவை ஆகியவற்றின் மூலப்படிகளை ஓரிடத்தில் சேர்த்து, பெயரும் நாளும் குறித்து வைப்போம். திருத்தம் நிறைந்த தாளைத் தூய படிக்கு முன் வைத்துப் போற்றுவோம். உறுப்பினர் ஒருவர் மறைந்தால் அவர் படத்தைத் திறக்கும் அன்றே அவர் ஏட்டையும் பெற்றுக்கொள்வோம். படம் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லும். ஏடு அவர் எப்படி உழைத்தார் என்பதைச் சொல்லும். அடுத்த பத்தாண்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.